கிளட்ச் கம்பியும் பாயசக் கரண்டியும்

இதைப் படிக்கிறவர்கள் முதலில் என் கையெழுத்தை மன்னிக்க வேண்டும். பரமக்குடியில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஸ்பானர் பிடித்துப் பழகிய கையில் பேனா நிற்க மாட்டேன் என்கிறது. சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சந்தேகம் வந்த இடத்தில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறேன், பாதியாவது சரியாக விழுந்திருக்கும். மிச்சத்தைத் திருத்தித் தருவதாக என் மகள் சொல்லியிருக்கிறாள்.

கண்ணில் இரும்புத்தூள் விழுந்து பார்வை குறைந்ததால் கொஞ்சம் முன்னதாகவே ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகும் அந்தமானில் போர்ட் பிளேர் அரசாங்கப் பட்டறைப் பக்கம் போகாமல் இருக்க முடியவில்லை. போனால் இப்போதுள்ள பையன்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "ஸ்பானர் மாட்டுற பலகையில எதுக்கு ஒரு கரண்டி தொங்குது? பூஜைக்குப் பூஜை அதுக்கும் பொட்டு வைக்கிறீங்களே, ஏன்?"

நான் வாய் திறந்து நாலு பேர் முன்னால் பேசுகிற ஆள் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் கப்பலேறி வந்து பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தேன். துடைத்தேன், தூக்கினேன், பிறகு திருகினேன், அப்புறம் மெக்கானிக் என்றார்கள். கற்றுக்கொண்ட கதை அவ்வளவுதான்.

எங்கள் ஃபோர்மேன் பிஸ்வாஸ் பாபு. வங்காளி. அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் யாரிடமும் நேராகப் பேச மாட்டார். கோபக்காரர் என்று நினைக்க வேண்டாம், கூச்சக்காரர். எனக்கும் அதே வியாதி என்பதால் வந்த முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டேன். பட்டறை மேசையில் பெரிய வைஸ் ஒன்று உண்டு, இரும்புத் துண்டை வாயில் கவ்விப் பிடிக்குமே, அது. பாபு சொல்வதையெல்லாம் அந்த வைஸிடம்தான் சொல்வார்.

"ஏ வைஸ், இவனுக்குச் சொல்லு. ஜீப்புக்கு பிரேக் பிடிக்கலை."

நானும் வைஸைப் பார்த்தே பதில் சொல்வேன். "பிடிச்சுடும்னு சொல்லு."

"எப்போன்னு கேளு."

"சாயங்காலம்."

"டீக் ஹை."

அவர் பேசியது இந்தி. நான் பேசியது தமிழும் இந்தியும் கலந்த ஒன்று. வைஸுக்கு எல்லாம் புரிந்தது. வருஷக்கணக்கில் இப்படித்தான் வேலை நடந்தது, ஒரு நாளும் சண்டை வந்ததில்லை. பாபு ஒரு தடவைகூட என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை.

இனி மாடசாமி அண்ணன். அவர் எங்கள் இலாகாவின் தபால்காரர், மோட்டார் சைக்கிளில் போகிறவர். மெயின்லாண்ட் கப்பல் வந்ததும் ஜெட்டியிலிருந்து தபால் பையை மாட்டிக்கொண்டு, மேட்டின் மேல் இருக்கும் ஆபீஸ்களுக்கெல்லாம் அவர்தான் கொண்டுபோவார். ஊரில் யாருக்கு மகன் பிறந்தது, யாருக்கு மாற்றல் வந்தது, எல்லாம் அவர் பைக்குள் இருக்கும். வண்டிச் சத்தம் கேட்டால் கிளார்க்குகள் சட்டையைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு வருவார்கள். அண்ணன் ராஜா மாதிரி இறங்குவார்.

ஒரு நாள் ஜெட்டியில் படகுக்கும் சுவருக்கும் நடுவே இடது கை சிக்கி ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. புண் ஆறியது. ஆனால் கிளட்ச் பிடிக்க மோதிர விரலும் சுண்டு விரலும்தான் மிச்சம். அந்த வண்டியின் கிளட்ச் எப்படிப்பட்டது என்றால், நல்ல கை உள்ளவனே ஜெட்டியிலிருந்து மேலே போய்ச் சேர்வதற்குள் கையை உதறுவான்.

இலாகா அதிகாரி வடக்கத்திக்காரர், பெரிய உடம்பு, நல்ல மனுஷர்தான். அண்ணனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "என்னைப் பின்னால் உட்காரவைத்து ஏற்றத்தில் ஏறு. பாதியில் நிறுத்து. மறுபடி எடு. முடிந்தால் இந்த வேலை உனக்கு. முடியாவிட்டால் திக்லிபூர் மரக்கிடங்கில் வாட்ச்மேன்." தேதியும் அவரே குறித்தார். அதற்கு மறுநாள் அவர் விடுமுறையில் கப்பலேறுகிறார், போவதற்குள் ஏதாவது ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

அப்போது வடக்குக் கோடியில் இருக்கும் திக்லிபூருக்கு ரோடு கிடையாது. கப்பல்தான், அதுவும் கடல் மனசு வைத்தால். அண்ணனின் வீடு இங்கே மின்னி பே குடியிருப்பில். பிள்ளைகள் மூன்றும் இங்கே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிக்கின்றன. அவர் அங்கே போனால் பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டுத் தனியாகத்தான் போக வேண்டும்.

அவர் சம்சாரம் பார்வதி மதினி பட்டறைக்கே வந்துவிட்டார். திருநெல்வேலிப் பேச்சு. "ஏ தம்பி சண்முகம், நீ என்ன செய்வியோ எனக்குத் தெரியாது. இந்த மனுசன் கப்பல்ல ஏறுனா வாந்திதான் எடுப்பாரு. அங்க போயி மரத்துக்குக் காவலா? மரம் எங்கயாவது எந்திரிச்சு ஓடுமா?"

நான் வைஸைப் பார்த்தேன். பாபு வைஸிடம் சொன்னார்: "கிளட்ச்சை லேசாக்க முடியுமான்னு கேளு."

"பார்க்கிறேன்னு சொல்லு."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கிளட்ச் என்பது அப்பளம் மாதிரி அடுக்கிய தட்டுகள். அவற்றை ஸ்பிரிங்குகள் அழுத்திப் பிடித்திருக்கும், அந்தப் பிடியில்தான் எஞ்சினின் பலம் சக்கரத்துக்குப் போகிறது. கைப்பிடியை அழுத்தினால் ஒரு கம்பி இழுத்து, ஸ்பிரிங்கைத் தோற்கடித்து, தட்டுகளைப் பிரிக்கிறது. கையில் உறைக்கும் கனமெல்லாம் ஸ்பிரிங்கின் கனம்தான்.

அப்படியானால் ஸ்பிரிங்கை மெலிதாகப் போட்டால் போச்சு என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. போட்டேன். பிடி பஞ்சு மாதிரி ஆனது. அண்ணன் சந்தோஷமாக ஏற்றத்துக்குப் போனார். பாதி மேட்டில் எஞ்சின் ஓலமிடுகிறது, வண்டி நகரவில்லை. தட்டுகள் பிடிக்காமல் வழுக்குகின்றன. தலையில் மீன்கூடையோடு நடந்து வந்த தெலுங்கு அம்மாள் ஒருத்தி அவரைத் தாண்டிப் போனாள். போகிறபோது கூடையிலிருந்து ஒரு மீனை எடுத்து, "வாங்குறியா? நின்னுக்கிட்டுத்தானே இருக்கே" என்று இந்தியில் கேட்டிருக்கிறாள். அண்ணன் திரும்பி வந்து வண்டியை நிறுத்தினார். கையில் மீன் இருந்தது.

பழைய ஸ்பிரிங்கையே திரும்பப் போட்டேன். அடுத்து, கியர் பெட்டியில் கம்பி வந்து மாட்டுகிற சின்னக் கை ஒன்று உண்டு, அதை நீளமாக்கினேன். கடப்பாரை நீளமாக இருந்தால் பாறை லேசாகப் புரளுமே, அதே கணக்கு. கனம் குறைந்தது. ஆனால் கை நீளமானால் இழுப்பு தூரம் அதிகமாக வேண்டும், நம் விரல் இழுக்கிற தூரமோ அதே அளவுதான். அதனால் தட்டுகள் முழுசாகப் பிரியவில்லை. கிளட்ச்சைப் பிடித்து நின்றாலும் வண்டி நிற்காமல் நகர்ந்துகொண்டே இருந்தது. குஞ்ஞுமோன் டீக்கடை முன்னால் "ஒரு டீ" என்று சொல்லிக்கொண்டே அண்ணன் கடைக்குள் போய்விட்டார். பெஞ்சு ஒடிந்தது. "மாடசாமி, டீ நான் வெளியில் கொண்டு தருமல்லோ, எதுக்கு அவசரம்?" என்றார் குஞ்ஞுமோன்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. தட்டுகள் ஏன் பிரியவில்லை என்று கழற்றிப் பார்த்தேன். மேட்டில் வழுக்கி வழுக்கிச் சூடேறி எல்லாம் நெளிந்திருந்தன. நான் அப்பளம் என்று சொன்னேன், அது பொரித்த அப்பளம். ஒன்றோடொன்று மேடும் பள்ளமுமாக உரசிக்கொண்டிருந்தால் எவ்வளவு பிரித்தாலும் போதாது. தட்டையாக இருந்தால் கொஞ்சம் பிரித்தாலே விலகிவிடும்.

தட்டையாகத் தேய்க்கத் தட்டையான தளம் வேண்டும். அந்தச் சாமான் எங்கள் பட்டறையில் இல்லை. நான் நாலு பக்கமும் தேடுவதைப் பாபு பார்த்தார். பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி, சுவரில் இருந்த விஸ்வகர்மா படத்தை இறக்கினார். வங்காளிகளுக்குக் கருவிகளின் சாமி அவர். சட்டத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வைஸிடம் சொன்னார்: "சாமிக்கு வருஷத்தில் ஒரு நாள்தான் விசேஷம். மீதி நாள் கண்ணாடி சும்மாதான் இருக்குன்னு சொல்லு."

அந்தக் கண்ணாடியின் மேல் வால்வு தேய்க்கிற பசையைத் தடவி, ஒவ்வொரு தட்டாக வட்டம் போட்டுத் தேய்த்தேன். மேடு இருக்கும் இடம் முதலில் பளபளக்கும். முகம் முழுக்க ஒரே நிறமாக ஆகும்வரை விடக் கூடாது. பிறகு மாட்டினேன். கைப்பிடியைக் கயிற்றால் இழுத்துக் கட்டிவிட்டு, கிக்கரை மெதுவாக மிதித்துப் பார்த்தேன். மேல் மூடி ஒரு பக்கம் தூக்கி ஒரு பக்கம் தாழ்ந்து ஆடினால், தூக்குகிற பக்கத்து ஸ்பிரிங்கைக் கால் சுற்று முடுக்க வேண்டும். மறுபடி மிதிக்க வேண்டும். ஆட்டம் நிற்கும்வரை இதேதான் வேலை. அப்புறம் கம்பியைக் கழற்றித் தொங்கவிட்டு, மேல் முனையில் காகிதப் புனல் கட்டி எண்ணெய் விட்டேன். எஞ்சின் ஆயில் கப்பலில் வர வேண்டியிருந்ததால் தேங்காய் எண்ணெய். டேங்க்குக்கு அடியில் குறுகலாக மடிந்து போன கம்பியை அகலமாக வளையும்படி வேறு வழியில் விட்டேன். கியர் பெட்டிக் கையில் நான் கூட்டியிருந்த நீளத்தில் பாதியைக் குறைத்தேன்.

மாடசாமி அண்ணன் சுண்டு விரலையும் மோதிர விரலையும் வைத்து அழுத்தினார். அழுத்தியவர் அப்படியே நின்றார். "பிடிச்சிருக்கேனா? விட்டுட்டேனா?" என்று என்னைக் கேட்டார்.

ஏற்றத்தில் ஏறியது. நின்றது. எடுத்தது. வழுக்கவில்லை. டீக்கடைக்குள் போகவில்லை.

பாபு வைஸின் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

வம்பு அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. இந்தச் சின்ன ஊரில் எதையும் மறைக்க முடியாது. அடுத்த நாளிலிருந்து வருகிறவன் போகிறவன் எல்லாம் வண்டியின் கிளட்ச்சை அழுத்திப் பார்த்தான். ஜெட்டிக் கூலிகள் வந்தார்கள். கிளார்க்குகள் வந்தார்கள். குஞ்ஞுமோன் தினமும் டீ கொண்டுவருகிற சாக்கில் வந்து, ஒரு கையில் கிளாஸும் ஒரு கையில் கிளட்ச்சுமாக நின்றார். "மக்கன்! மக்கன்!" என்றான் ஒருவன். வெண்ணெய் என்று அர்த்தம். கம்பியோ உப்புக்காற்றில் பாதி செத்துப்போன பழைய கம்பி. புதிதுக்கு எழுதிப் போட்டிருந்தோம், கப்பல் வரவில்லை. 'அழுத்தாதீங்க' என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. வைஸிடம் சொல்லிப் பார்த்தேன். அவர்களுக்கு அந்தப் பாஷை தெரியாது.

பார்வதி மதினி மட்டும் தொடவே இல்லை. "பரீட்சை முடியட்டும். என் கைராசி எனக்குத் தெரியும்" என்று தள்ளியே நின்றார்.

அதிகாரி குறித்த நாள் வந்தது. அதிகாரிக்குத் தெரியாமல் அமைந்ததோ என்னவோ, அது விஸ்வகர்மா பூஜை நாள். அன்று பட்டறையில் ஒரு கருவியைத் தொடக் கூடாது. சுத்தியல், ஸ்பானர், பிளேயர் எல்லாம் கழுவிப் பொட்டு வைத்துச் சாமி முன்னால் படுத்திருக்கும். வைஸுக்குச் செவ்வந்தி மாலை. எங்களுக்கு ஆயுத பூஜை பிறகு வரும், அதற்கும் தனியாக விடுமுறை எடுத்துக்கொள்வோம், அது வேறு விஷயம். பாபு இதில் கறார். முந்தின ஒரு வருஷம் பிரசாதத் தேங்காயை ஒருவன் சுத்தியலால் உடைத்தான் என்பதற்காக அந்தத் தேங்காயையே சாப்பிடாதவர்.

சாமி படம் தேய்த்த கண்ணாடியோடு மாட்டியிருந்தது. விஸ்வகர்மா மூடுபனிக்குள் நிற்பது போலத் தெரிந்தார். மோட்டார் சைக்கிளுக்கும் சந்தனம், மாலை. பின்பக்கம் கல் அடுப்பில் மதினி பாயசம் கிண்டிக்கொண்டிருந்தார். பூஜை முடிந்ததும் வலது கையில் பிரசாதம் வாங்கிக்கொண்டு, இடது கையால் ஆளுக்கு ஒரு தடவை கிளட்ச்சை அழுத்தினார்கள். அதையும் பூஜையில் சேர்த்துவிட்டார்கள்.

கடைசியில் எல்லோரும் மதினியைப் பிடித்துக்கொண்டார்கள். "நீங்க மட்டும் பாக்கி, அக்கா. ஒரு தடவை தொட்டுக் கும்பிடுங்க."

மதினி கரண்டியைப் பாத்திரத்தில் சாய்த்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்து, கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார்.

'டிக்' என்று ஒரு சத்தம். கைப்பிடி சொத்தென்று தொங்கியது.

மதினி கண்ணைத் திறக்கவில்லை. "நான்தான் சொன்னேனே… நான்தான் சொன்னேனே…" என்றார். அண்ணன் கம்பி முனையைப் பார்த்தார். முனையில் ஒரு பித்தளைக் குமிழ் இருக்கும், அதுதான் கைப்பிடியில் மாட்டி நிற்பது. அந்தக் குமிழை ஒட்டிக் கம்பி அறுந்துவிட்டது. அதிகாரி ஜீப்பில் வருகிற நேரம்.

குமிழை மறுபடி ஈயம் வைத்துப் பற்றவைத்தால் போதும். சின்ன வேலைதான். ஆனால் பற்றவைக்கிற சாமான், வெட்டுகிற சாமான், பிடிக்கிற சாமான் எல்லாம் பொட்டு வைத்துப் படுத்திருக்கின்றன.

எல்லோரும் பாபுவைப் பார்த்தார்கள். பாபு வழக்கம் போல மேசைப் பக்கம் திரும்பினார். "ஏ வைஸ்…" என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். மாலையும் பொட்டுமாக வைஸ் உட்கார்ந்திருந்தது. அதற்கும் அன்று ஓய்வு.

பாபு கூரையைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். கடைசியில் என் சட்டைப் பொத்தானைப் பார்த்தார்.

"ஷொன்முகம்" என்றார்.

வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

"ஷொன்முகம், கரண்டி கருவியா?"

"இல்லை, பாபு. சமையல் சாமான்."

"தேங்காய் வெட்டுற கத்தி?"

"அதுவும் சமையல்தான்."

"ஈயக்குச்சி?"

"அது சரக்கு. கருவி இல்லை."

மதினி பானை இறக்குகிற இடுக்கியை நீட்டினார். பாபு அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிளேயருக்குத் தம்பி மாதிரி இருந்தது. "பானை இறக்க மட்டும்தானே?" என்று கேட்டார். "சத்தியமா" என்றார் மதினி.

"கை?" என்று நான் கேட்டேன். எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ தெரியாது.

பாபு தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கை ஸ்டோரில் வாங்கினது இல்லை. சலேகா" என்றார். நடக்கட்டும் என்று அர்த்தம்.

பாயசப் பாத்திரம் இறங்கியது. கரண்டியைச் சாம்பல் போட்டுத் துடைத்து, ஈயக்குச்சியை ஒடித்துப் போட்டு அடுப்பில் காட்டினேன். "என் கரண்டியிலயா?" என்றார் மதினி. உடனே, "சரி, சரி, கிண்டு" என்றார். ஈயம் உருகிப் பாதரசம் மாதிரி ஓடியது. பித்தளைக் குமிழை அதில் போட்டதும் உள்ளே இருந்த பழைய துண்டு கழன்று வந்தது. பிய்ந்த கம்பி முனையைக் கல்லில் வைத்துத் தேங்காய்க் கத்தியால் ஒரே வெட்டு. குமிழைக் கோத்து, முனை இழைகளை விரலால் பூ மாதிரி விரித்தேன். ஈயம் ஒட்ட நாங்கள் எப்போதும் குங்கிலியப் பொடிதான் போடுவோம். அன்று அது சாமிக்குப் புகை போடுகிற தட்டில் இருந்தது. பாபுவே ஒரு சிட்டிகை எடுத்துக் கொடுத்தார். இடுக்கியால் பிடித்துக் கரண்டிக்குள் முக்கினேன். சொய்யென்று சாம்பிராணி மாதிரி புகை வந்தது. தூக்கித் தண்ணீரில் நனைத்தேன். பிடித்துக்கொண்டது.

கம்பி கொஞ்சம் குட்டையாகிவிட்டது. நல்லவேளை, அதைத் தளர்த்துகிற திருகு கையாலேயே திரும்புகிற மாதிரி வரிவரியாக இருக்கும். மாட்டி முடித்து நிமிர்ந்தபோது ஜீப் உள்ளே வந்தது.

அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டுச் சாமி கும்பிட்டார். படத்தைக் கைக்குட்டையால் ஒரு தடவை துடைத்துப் பார்த்தார், மூடுபனி போகவில்லை. மதினி பாயசத்தைப் பாத்திரத்தோடு தூக்கி டம்ளரில் சாய்த்தார்.

"கரண்டி இல்லையா?" என்று அதிகாரி கேட்டார்.

"எங்க ஊர்ல சாமி பாயசத்தை இப்படித்தான் ஊத்துவோம், சார்" என்றார் மதினி, கண் இமைக்காமல்.

அதிகாரி பின்னால் ஏறி உட்கார்ந்தார். வண்டியின் முதுகு கீழே இறங்கியது. அண்ணன் என்னைப் பார்த்தார், கிளட்ச்சைப் பிடித்தார், போனார்.

பட்டறையிலிருந்து ஏற்றம் தெரியாது, வளைவு மறைக்கும். சத்தம் மட்டும் கேட்கும். மேலே ஏறுகிற சத்தம் கேட்டது. நின்றது. எஞ்சின் மட்டும் துக்துக்கென்று ஓடிக்கொண்டிருந்தது. மதினி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். இனி அண்ணன் கிளட்ச்சை விட வேண்டும். சத்தம் மேலே மேலே போனால் தட்டுகள் வழுக்குகின்றன, திக்லிபூர். சத்தம் கனத்துக் கீழே இறங்கினால் பிடிக்கின்றன.

சத்தம் உயர்ந்தது. பிறகு மெல்லக் கனத்தது, முனகியது, ஒவ்வொரு அடியாக எண்ணிக்கொண்டு நகர்ந்தது. அப்படியே மேட்டின் மேலே போய்க் கரைந்தது.

"பிடிச்சிருச்சு!" என்று ஒருவன் கத்தினான். கத்தியது நான்தான் என்று எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

திரும்பி வந்து இறங்கிய அதிகாரிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அப்படி என்ன செய்தீர்கள் இதற்கு?" என்று கேட்டுக்கொண்டே கிளட்ச் பக்கம் கையை நீட்டினார்.

"வேண்டாம்!" "மத் தபாயியே!" "தொடல்லே!" என்று மூன்று பாஷையில் பட்டறையே அலறியது. அதிகாரி சூடு பட்டவர் போலக் கையை இழுத்துக்கொண்டார்.

பாபு முன்னால் வந்தார். அன்று அவருக்குப் பேச்சு வந்துவிட்ட நாள். "இன்று பூஜை, சார். தொடக் கூடாது."

"ஓ, மன்னிக்க வேண்டும்" என்று அதிகாரி வண்டியைப் பார்த்துக் கைகூப்பிக் கும்பிட்டார். ஜீப்பின் மூடியிலேயே காகிதத்தை வைத்து, மாடசாமி அதே வேலையில் தொடரலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மதினி அப்போதுதான் அழுதார். அழுதுகொண்டே எல்லோருக்கும் பாயசத்தைச் சாய்த்துச் சாய்த்து ஊற்றினார். பாதி தரைக்குப் போனது.

மறுநாள் காலை நான் கொஞ்சம் ஆசையோடுதான் வேலைக்குப் போனேன். பாபு மேசையருகே நின்றிருந்தார். மாலை வாடிப்போயிருந்தது.

"ஏ வைஸ்," என்றார், "இவனுக்குச் சொல்லு. லாரிக்கு ஹார்ன் அடிக்கலை."

"அடிச்சுடும்னு சொல்லு" என்றேன். இரண்டு பேருக்கும் நிம்மதியாக இருந்தது.

ஈயம் பட்ட கரண்டி இனி சோற்றுக்கு ஆகாது என்று மதினி அதைத் திரும்ப வாங்கவில்லை. பலகையில் ஒரு ஆணி காலியாக இருந்தது, அதில் மாட்டினேன். அடுத்த வருஷம் பூஜையில் பாபு கருவிகளுக்கெல்லாம் பொட்டு வைத்துக்கொண்டே வந்தார். கரண்டியிடம் வந்ததும் நின்றார். சுற்றிலும் பார்த்துவிட்டு அதற்கும் ஒன்று வைத்தார். அன்றிலிருந்து அது கருவி. பையன்களே, பூஜை நாளில் அதையும் தொடாதீர்கள். அவசரம் வந்தால் வேறு கரண்டி தேடிக்கொள்ளுங்கள்.

மாடசாமி அண்ணன் இன்னும் அதே மேட்டில்தான் தபால் கொண்டுபோகிறார். பாபு ஓய்வுபெற்றுக் கல்கத்தா பக்கம் போய்விட்டார். ஜெட்டியில் வழியனுப்பப் போனேன். பக்கத்தில் வைஸ் இல்லாததால் இருவரும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

இதை எழுத இத்தனை நாளாக உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். இன்று வேறு எதையும் தொட முடியாது என்பதால்தான் முடிந்தது. பேனா கருவியா என்று ஒரு சந்தேகம் இருக்கிறது. கேட்கப் பாபு இல்லை. இது பட்டறை ஸ்டோரில் வாங்கினது இல்லை, மகளுடையது. சலேகா என்றுதான் சொல்லியிருப்பார்.

விஸ்வகர்மா பூஜை, செப்டம்பர் பதினேழு.